சவரக் கருவியின் கதை: முலாமும் உலோகமும்

ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடியேறிய குடும்பங்களில் பழம்பொருள்கள் மிகுதியாக இருப்பதில்லை. இரயிலில் ஏற்றிக்கொண்டு வர இயன்றவை மட்டுமே வந்து சேருகின்றன. மாதுங்காவில் உள்ள எங்கள் வீட்டிற்கு அவ்வாறு வந்து சேர்ந்தவை ஒரு வெண்கலப் பானை, இரண்டு பித்தளைத் தவலைகள், ஒரு குத்துவிளக்கு, இவற்றோடு எங்கள் தந்தையார் தம் முதற் சம்பளத்தில் திருச்சியில் வாங்கிய சேப்டி ரேஸர் ஒன்று. தந்தையாரின் காலத்திற்குப் பின் அது எங்கள் கைக்கு வந்தது. அப்போது அதன் மேலிருந்த நிக்கல் முலாம் பெரும்பாலும் தேய்ந்துபோய்ப் பித்தளையின் மஞ்சள் நிறம் வெளியே தெரிந்தது. மரையின் ஓரங்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று, கடைவீதிக்குப் போய்க் கண்ணாடிபோல் மின்னிய புதிய கருவி ஒன்றை வாங்கி வந்தோம்.

இரண்டு மழைக்காலங்கள் சென்றன. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் காலை, பிளேடு மாற்றுவதற்காகக் கைப்பிடியைத் திருகியபோது, மேல்மூடியின் அடியிலுள்ள மரைத்தண்டு முறிந்து கைப்பிடிக்குள்ளேயே தங்கிவிட்டது. முறிந்த வாயை வெளிச்சத்தில் பார்த்தோம். பித்தளையின் மஞ்சளும் அங்கே இல்லை, எஃகின் வெண்மையும் இல்லை. சாம்பல் நிறமான ஏதோ ஒன்று, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. வெளியே மட்டும் முலாம் அன்று வாங்கியதுபோலவே பளபளத்துக்கொண்டிருந்தது. தந்தையாரின் கருவியைப் பரணிலிருந்து எடுத்து, புளியிட்டு விளக்கி, வெந்நீரில் கழுவிப் பார்த்தோம். மரை வழுவாமல் திருகியது. அன்றே அதில் சவரம் செய்துகொண்டோம்.

பழையது நிலைத்து, புதியது முறிந்தது ஏன்? பழங்காலத்துப் பொருளெல்லாம் நல்லது, இக்காலத்துப் பொருளெல்லாம் தீயது என்று பெரியோர் சிலர் சொல்லும் எளிய விடையில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. இக்கருவியின் வரலாற்றைச் சற்று நுணுகிப் பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது.

நாவிதரின் கத்தியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது தடித்த முதுகும் மெல்லிய வாயும் உடைய எஃகுக் கத்தி. தோல்வாரில் தீட்டி, சாணைக்கல்லில் ஏற்றி, வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவி உறையிலிடுவர். துருவிலிருந்து அதைக் காத்தது அந்த எண்ணெயும் உடையவரின் பழக்கமுமே. தோலை வெட்டிவிடாதபடி கத்திக்கு ஒரு தடுப்பு அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் பிரெஞ்சு நாட்டுக் கத்திக் கொல்லரான ழான் ழாக் பெரே என்பவருக்கு 1760களில் தோன்றியது. 1847இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்சன் என்பவர் கைப்பிடிக்குக் குறுக்காக, மண்வெட்டிபோல் அலகு அமைந்த கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1880இல் அமெரிக்காவில் காம்ஃபே உடன்பிறந்தார் அதை மேலும் திருத்தினர். இவை அனைத்திலும் அலகு தடித்ததே. தீட்டித் தீட்டி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்த வேண்டியதே.

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியவர் கிங் காம்ப் ஜில்லெட் என்னும் அமெரிக்கர். அவர் புட்டி மூடிகள் செய்யும் நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடக்கூடிய பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தால் வாங்குபவர் மீண்டும் மீண்டும் வருவர் என்று அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். 1895இல் சவரம் செய்துகொள்ள முற்பட்டபோது மழுங்கிய கத்தியைக் கையில் பிடித்தவண்ணம் ஜில்லெட் அந்தச் சொல்லை நினைத்தாராம். அவருடைய கருத்து யாதெனில், கைப்பிடி நிலையானது, அலகு அழிவது. தாளினும் சற்றே தடித்த எஃகுத் தகட்டை இருபுறமும் தீட்டி இடையில் பிடித்துக்கொண்டால் போதும் என்பதே. சொல்வது எளிதாயிருந்தது. அவ்வளவு மெல்லிய தகட்டைக் காய்ச்சித் துவைத்தால் அது நெளிந்து கோணுகிறது. வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர் 1901 முதல் முயன்று அந்தத் தடையை நீக்கினார். விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் விற்றவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. அதற்குப் பிறகு வேகம் பிறந்தது. முதல் உலகப் போரின் போது அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக வாங்கியவை ஏறத்தாழ 35 இலட்சம் ரேஸர்களும் 3 கோடியே 20 இலட்சம் பிளேடுகளும் ஆகும்.

அந்த முதற் கருவிகளின் விலை 5 டாலர். தொழிலாளி ஒருவரின் வாரக் கூலியில் பெரும்பங்கு அது. அவ்வளவு விலை கொடுப்பவர் வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்வதற்காகவே வாங்குகிறார். ஆதலின் கைப்பிடியும் மூடியும் பித்தளையில் செய்யப்பட்டு, மேலே வெள்ளி முலாம் பூசப்பட்டன. பின்னர் நிக்கல் முலாம் பரவியது. பித்தளையைத் தேர்ந்தெடுத்ததில் பொருள் இருந்தது. அது கடைசல் இயந்திரத்திற்கு நன்கு இணங்கும். அதில் வெட்டிய மரை கூர்மையாக நிற்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, முலாம் போனாலும் அது கெடுவது மெல்ல.

இங்கே நம் முன்னோர் வகுத்து வைத்த ஒரு வேறுபாட்டை நினைத்துப் பார்ப்பது தகும். இரும்புக்கு வருவதைத் துரு என்றும், செம்புக்கும் பித்தளைக்கும் வருவதைக் களிம்பு என்றும் தமிழில் வேறு வேறு சொற்களால் வழங்குகிறோம். செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்பதை வைத்தே சைவ சித்தாந்திகள் உயிரோடு ஒட்டிய மலத்தை விளக்கினர். தத்துவம் எப்படியாயினும், உலோகவியலுக்கு இந்த வேறுபாடு உண்மையே. துரு நுண்துளைகள் உடையது; தான் தின்ற இரும்பினும் மிகுதியான இடத்தை அடைத்துக்கொண்டு பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள புதிய இரும்பைக் காற்றுக்கும் நீருக்கும் காட்டிக் கொடுக்கும். பித்தளையின் கறை பெரும்பாலும் மேற்பரப்பில் படிந்து அங்கேயே நிற்கும். புளியும் சாம்பலும் இட்டு விளக்கினால் அடியில் பித்தளை அப்படியே இருக்கும். தவலைக்கு உண்மையானது ரேஸருக்கும் உண்மையே. தந்தையாரின் கருவி தப்பியதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் அக்காலத்துப் பிளேடு அப்படியன்று. அது கரிமம் மிகுந்த எஃகு. நன்றாகக் கடினமாகும், கூர்மையும் ஏறும். ஆனால் ஈரம் பட்டால் ஓரிரவில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும். பிளேட்டின் வாய் நுனி ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிப்புடையது. தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்தால் அந்த மென்மை விளங்கும். அவ்விடத்தில் கண்ணுக்குத் தெரியாத துருவே கூரை அழிக்கப் போதுமானது. சவரம் முடிந்ததும் பிளேட்டைக் கழற்றித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வைத்த பெரியோரைக் கருமி என்று இளைஞர் சிரித்ததுண்டு. அவர்கள் செய்தது நாவிதரின் பழைய வழக்கம்தான்.

துருப்பிடிக்காத எஃகு அதற்குள் கண்டுபிடிக்கப்படவில்லையா என்று கேட்கலாம். கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1913 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்களுக்கு ஏற்ற எஃகைத் தேடியபோது, நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் கலந்த எஃகு அமிலத்தால் எளிதில் அரிக்கப்படாததைக் கண்டார். குரோமியம் காற்றோடு கூடி மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிப்பே உள்ள ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் அப்படலம் தானே மீண்டும் மூடிக்கொள்கிறது. அந்தக் குடும்பத்தின் பிள்ளையைத்தான் நாம் எவர்சில்வர் என்று அழகாகப் பெயரிட்டு அடுக்களையில் ஏற்றிக்கொண்டோம். பிரியர்லியின் காலத்துக் கத்திக் கொல்லர்களோ, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள்.

கேலியில் ஒரு துளி நியாயம் இருந்தது. கூர் நிற்க வேண்டுமாயின் எஃகில் கரிமம் வேண்டும். கரிமம் மிகுந்தால் அது குரோமியத்தைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடினமான துகள்களாகி வாயைச் சொரசொரப்பாக்குகிறது. துருவைத் தடுக்கத் தனியே நிற்கும் குரோமியமும் குறைகிறது. இந்தச் சச்சரவு தீர நெடுங்காலம் ஆயிற்று. அலகின் வாயில் மிக மெல்லிய வழுவழுப்பான பூச்சு இடும் முறை வந்தபின்னரே எஃகுப் பிளேடு தோலுக்கு இதமாயிற்று. ஜில்லெட் நிறுவனம் 1960இல் கரிம எஃகுப் பிளேட்டுக்கே அத்தகைய பூச்சு இட்டு விற்றது. வாள் செய்து புகழ்பெற்ற லண்டன் வில்கின்சன் நிறுவனம் 1962இல் பூச்சிட்ட துருப்பிடிக்காத பிளேட்டை வெளியிட்டபோது, கேட்டவர் எல்லோருக்கும் கொடுக்க முடியாத அளவுக்குத் தேவை பெருகியது. பெரிய நிறுவனமான ஜில்லெட் 1963இல்தான் தன் எவர்சில்வர்ப் பிளேட்டைக் கொணர்ந்து ஈடுகொடுத்தது. நம் நாட்டில் கல்கத்தாவின் மல்கோத்ரா குடும்பத்தார் செய்த பாரத், டோபாஸ் முதலிய பிளேடுகள் ஊர்தோறும் பெட்டிக்கடைகளில் தொங்கின. 1984இல் தொடங்கிய இந்தியன் ஷேவிங் புராடக்ட்ஸ் நிறுவனம் இராஜஸ்தானத்துப் பிவாடியில் தொழிற்சாலை அமைத்தது.

பிளேடு இவ்வாறு துருவை வென்றுகொண்டிருந்த அதே காலத்தில், கைப்பிடியின் கதை வேறு திசையில் சென்றது. யாரும் பறையறைந்து சொல்லாத மாற்றம் அது. அதற்குக் காரணமான உலோகம் துத்தநாகம். அதன் பிறப்பு வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது என்பதால் அதையும் சொல்லிவிடலாம்.

துத்தநாகத்தை அதன் தாதுவிலிருந்து பிரிப்பது கடினம். பிரியும் வெப்பத்தில் அது திரவமாக நில்லாமல் ஆவியாகிவிடும். 907 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும் உலோகம் அது. ஆவி காற்றைத் தொட்டால் வெண்பொடியாகிப் பயனற்றுப் போகும். இராஜஸ்தானத்தில் உதயபூரை அடுத்த ஜாவர் மலைப்பகுதியில் 800 ஆண்டுகளுக்கு முன்னரே இதற்கு வழி கண்டிருந்தார்கள். கத்தரிக்காய் வடிவமான மண்குடுவைகளைத் தலைகீழாக உலையில் அடுக்கி, ஆவி மேலே போகாமல் கீழே இறங்கிக் குளிர்ந்து சேரும்படி செய்தார்கள். ஓர் உலைக்கு 36 குடுவைகள். உடைந்த குடுவைகளை அடுக்கிக் கட்டிய வீட்டுச் சுவர்களை அங்கே இன்றும் காணலாம். ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் பிரிஸ்டல் நகரில் துத்தநாகம் வடிக்கக் காப்புரிமை பெற்றது 1738இல்தான். உதயபூரிலோ அதன் அருகிலோ வேலை பார்க்கும் தமிழர்கள் ஒரு விடுமுறை நாளில் ஜாவருக்குப் போய்வருவது வீண்போகாது.

1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியம் கலந்த துத்தநாகக் கலவையை உருவாக்கியது. சாமாக் என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ 385 பாகை வெப்பத்திலேயே அது உருகும். இரும்பு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால் நொடிப்பொழுதில் மூடியும், பல்வரிசையும், மரைத்தண்டும் ஒரே வார்ப்பாக வந்துவிழும். கடைசல்காரருக்கு அங்கே வேலை குறைவு. பித்தளையைக் கடைந்து செய்வதினும் செலவு பலமடங்கு குறைவு. தொடக்கக் காலத்தில் துத்தநாகத்தில் ஈயம், காட்மியம் முதலியவை சிறிதளவு கலந்திருந்ததால் வார்ப்புகள் உள்ளுக்குள்ளேயே அரித்து வெடித்தன, நூற்றுக்கு 99.99 பங்கு தூய்மையான துத்தநாகத்தைப் பயன்படுத்தியபின் அந்நோய் நீங்கியது. அதற்குச் சற்று முன்னர், 1920களின் நடுவில், குரோமிய முலாம் தொழில்முறையில் நடைமுறைக்கு வந்திருந்தது. இரண்டும் சேர்ந்தன. பித்தளைக்கு மேலும் குரோமியம், துத்தநாகத்திற்கு மேலும் குரோமியம். கடையில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இதை மோசடி என்று நாங்கள் கூறவில்லை. செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக நன்கு முலாமிட்ட துத்தநாகக் கருவி, ஈரமின்றி வைத்துக்கொண்டால் பல்லாண்டு உழைக்கும். சோலிங்கனின் புகழ்பெற்ற செர்மானியத் தொழிற்சாலைகளும் இத்தகைய வார்ப்புகளைச் செய்கின்றன. குறை உலோகத்தில் இருப்பதினும் முலாமின் கஞ்சத்தனத்தில்தான் இருக்கிறது. அலங்காரக் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிப்பே உடையது. உண்மையில் காவல் நிற்பது அதற்கு அடியிலுள்ள நிக்கல். மின்சாரத்தால் பூசும் முலாம் மேடான இடங்களில் தடித்தும், மரையின் பள்ளங்களில் மிக மெலிந்தும் படியும். மிகுதியாக உராயும் இடமும் அந்த மரைதான். அங்கே ஊசிமுனையளவு துளை விழுந்தாலும் போதும். நிக்கலும் துத்தநாகமும் ஒரே ஈரத்தில் நனையும்போது, இரண்டில் தாழ்ந்ததாகிய துத்தநாகம் தன்னைக் கொடுத்து மற்றதைக் காக்கும். இரும்புக் கூரைத் தகட்டில் துத்தநாகம் பூசுவது இந்தக் குணத்தை நம்பியே. அங்கே அது காவலன். ரேஸரிலோ அதுவே உடல். அது கரைந்துபோனால் மேலே பளபளப்பான தோல் மட்டும் எஞ்சும். எங்கள் வீட்டில் முறிந்தது அவ்வாறு முறிந்ததே.

பின்னர் வந்தவை கைப்பிடியையும் எறியும் பொருளாக்கின. 1975இல் பிக் நிறுவனமும் 1976இல் ஜில்லெட்டும் பிளாஸ்டிக் கைப்பிடியோடு கூடிய, முழுவதையும் எறிந்துவிடும் ரேஸர்களைக் கொணர்ந்தன. அங்கே துருவைப் பற்றிக் கேட்பதற்கே இடமில்லை. கைப்பிடி நிலையானது, அலகு அழிவது என்று தொடங்கிய கதை, அலகு துருவை வென்று கைப்பிடி குப்பைக்குப் போவதில் வந்து நின்றது. இப்போது சிறு தொகையினர் மீண்டும் உலோகக் கருவிகளைத் தேடுகின்றனர். அவர்களுக்காக முழு எவர்சில்வரில் கடைந்த கருவிகளும் விற்கின்றன. அவற்றில் 316 என்று குறிக்கப்படும் வகையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றை நன்கு தாங்கும். கடைசலுக்கு எளிதாகக் கந்தகம் சேர்த்த 303 என்னும் வகை அவ்வளவு தாங்காது. விலை மிகுதிதான். முலாம் இல்லாத பித்தளைக் கருவியும் கிடைக்கிறது. கறுத்துப்போகும் என்பதைப் பொருட்படுத்தாதவருக்கு அதனினும் சிக்கனமான பொருள் இல்லை என்பது எங்கள் கருத்து.

வாழும் ஊரையும் கணக்கில் கொள்ள வேண்டும். காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 60 பங்கைக் கடந்தால் இரும்பு துருப்பிடிப்பது விரைவாகிறது. மும்பையின் ஆனியும் ஆடியும், கொல்கத்தாவின் ஆவணியும் அந்த எல்லைக்கு மிக மேலே நிற்பவை. மும்பையில் கடலின் உப்பும் சேர்கிறது. டெல்லியின் வறண்ட காற்று இரும்புக்கு நட்பானது. குதுப் மினார் அருகே நிற்கும் 7 மீட்டர் உயரமான இரும்புத்தூண் 1,600 ஆண்டுகளாகப் பெரிதும் கெடாமல் நிற்பதற்கு அவ்வறட்சியும் துணை. எனினும் அந்த இரும்பில் மிகுந்துள்ள பாஸ்வரம் உண்டாக்கிய காப்புப் படலமே முதற் காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து காட்டினார். அதே டெல்லியில் கரோல் பாகில் குடியிருக்கும் நண்பர் வீட்டில் ரேஸரைப் பார்த்தோம். துரு இல்லை, ஆனால் கடினநீரின் சுண்ணாம்பு பல்வரிசையை அடைத்திருந்தது. எலுமிச்சைச் சாறு அதைக் கரைத்துவிடும். ஆனால் துத்தநாகக் கருவியை அதில் ஊறப்போடுவது கூடாது. அமிலம் ஊசித்துளை வழியாக உள்ளே புகுந்துவிடும்.

எல்லாக் குற்றத்தையும் துருவின் தலையில் சுமத்துவதும் சரியன்று. 2020இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் நுண்ணோக்கியின் கீழ் பிளேட்டால் மயிரை வெட்டிப் பார்த்தனர். எஃகினும் 50 மடங்கு மென்மையான மயிரே, சாய்வாக வளையும்போது, வாயின் நலிந்த இடங்களில் சில்லுகளைப் பெயர்த்துவிடுவதைக் கண்டனர். துருவே பிடிக்காத பிளேடும் மழுங்குவது இதனால்தான்.

சென்ற ஆண்டு எங்கள் மகனுக்குப் பூனாவில் வேலை கிடைத்தது. பெட்டி கட்டும்போது தாத்தாவின் ரேஸரைத் தான் எடுத்துக்கொள்வதாகக் கேட்டான். முலாம் போட்டுத் தருகிறோம் என்றோம், வேண்டாம் என்றுவிட்டான். ஆகவே எங்களுக்கு மீண்டும் ஒன்று தேவைப்பட்டது. கடைக்காரர் எடுத்துக் காட்டிய நான்கைந்தும் "ஸ்டீல்" என்றே சொன்னார். நாங்கள் காந்தத்தைக் கொண்டு போகவில்லை. பித்தளையும் துத்தநாகமும் எவர்சில்வரும் பெரும்பாலும் காந்தத்திற்கு ஒட்டாதவை, அதனால் பயனில்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தோம். ஒரே அளவில் பித்தளை துத்தநாகத்தினும் கால்பங்குக்கு மேல் கனமானது. பிறகு ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி, மரையின் அடிப்பள்ளத்தை வாசல் வெளிச்சத்தில் பார்த்தோம். நான்காவதில் மஞ்சள் தெரிந்தது. அதன் மூடியில் ஒரு கீறல் இருந்தது. கீறல் இல்லாத வேறொன்றைக் கொடுக்கவா என்று கடைக்காரர் பரிவோடு கேட்டார். இதுவே போதும் என்று பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.